பிட்வார்டன்: வங்கிக் கணக்கைக் காக்க ஒன்றரை வருடம் பயன்படுத்திய அனுபவம்

வீட்டில் ஒரு சிவப்பு அட்டை நோட்டு இருந்தது. என் சம்பளக் கணக்கு, அப்பாவின் ஓய்வூதியக் கணக்கு, காப்பீடு, மெயில் என்று எல்லாவற்றின் பாஸ்வேர்டும் அதில்தான். அடித்து அடித்து எழுதியதில் எது பழையது, எது புதியது என்று எனக்கே குழப்பம். ஒரு நாள் அந்த நோட்டைக் காணவில்லை. இரண்டு மணி நேரம் தேடி, கடைசியில் அப்பாவின் மருந்து டப்பாவுக்கு அடியில் கிடைத்தது. அந்த இரண்டு மணி நேரம் பட்ட பாட்டை இன்னொரு முறை பட முடியாது என்றுதான் அன்று ராத்திரியே பிட்வார்டன் பாஸ்வேர்டு மேனேஜரை நிறுவினேன். ஒன்றரை வருடம் ஆகிறது. ஒரு சிறிய அச்சகத்தில் கணக்கு எழுதுவது என் வேலை. கணினி நிபுணர் கிடையாது. இணையத்தில் வங்கி வேலைகளைச் செய்துகொள்ளும் ஒரு சாதாரண ஆளுக்கு இது எப்படி உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில், இது என்ன செய்கிறது? உங்கள் எல்லாப் பயனர் பெயர்களையும் பாஸ்வேர்டுகளையும் பூட்டிய ஒரு பெட்டகத்தில் வைத்துக்கொள்கிறது. அதைத் திறக்க ஒரே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு. செல்போனிலும் பிரவுசரிலும் போட்டுக்கொண்டால், எந்தத் தளத்துக்குப் போகிறோமோ அந்தத் தளத்துக்கான பாஸ்வேர்டைத் தேடி எடுத்து, நாம் தொட்டதும் நிரப்புகிறது. 2016-ல் வந்த மென்பொருள். மூல நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். இலவசப் பதிப்பிலேயே எத்தனை பாஸ்வேர்டு வேண்டுமானாலும், எத்தனை கருவியில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். முதல் ஆறு மாதம் நான் இலவசப் பதிப்பில்தான் இருந்தேன். சந்தா கட்டியதற்கு வேறு காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

நோட்டில் இருந்ததை எல்லாம் ஏற்ற மூன்று நாள் பிடித்தது. மொத்தம் அறுபத்து மூன்று கணக்குகள். எண்ணிப் பார்த்தபோதுதான் உடம்பு நடுங்கியது: வங்கிக்கு வைத்திருந்த அதே பாஸ்வேர்டை இன்னும் பதினொரு இடங்களில் வைத்திருந்தேன். அதில் ஒன்று எப்போதோ ஒரே ஒரு முறை புத்தகம் வாங்கிய ஒரு தளம். திருடர்களுக்கு இந்தப் பழக்கம் நன்றாகத் தெரியும். பாதுகாப்பில்லாத ஏதோ ஒரு தளத்திலிருந்து மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் கசிந்தால், அந்த ஜோடியை எடுத்துக்கொண்டு வங்கி, மெயில், கடை என்று ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்க்கிறார்கள். இதற்கென்றே நிரல்கள் எழுதி ஓடவிடுகிறார்கள். வங்கியை யாரும் உடைக்கவே வேண்டாம். புத்தகக் கடை உடைந்தால் போதும்.

பிட்வார்டனில் ஒவ்வொரு பாஸ்வேர்டின் பக்கத்திலும், இது ஏற்கெனவே கசிந்ததா என்று பார்க்க ஒரு சிறு குறி இருக்கிறது. பாதுகாப்பு நிபுணர் டிராய் ஹண்ட் 2013-ல் தொடங்கிய 'ஹேவ் ஐ பீன் போன்ட்' தளத்தில் இருக்கும், கசிந்த பாஸ்வேர்டுகளின் பட்டியலோடு அது ஒப்பிட்டுச் சொல்கிறது. நம் பாஸ்வேர்டு அங்கே அப்படியே போவதில்லை. அதை ஒரு சங்கேத எண்ணாக மாற்றி, அந்த எண்ணின் முதல் ஐந்து எழுத்துகளை மட்டும் அனுப்புகிறது. அந்த ஐந்தில் தொடங்கும் நூற்றுக்கணக்கான எண்கள் திரும்பி வருகின்றன. அதில் நம்முடையது இருக்கிறதா என்று நம் கருவியிலேயே பார்த்துக்கொள்கிறது. என் பழைய வங்கிப் பாஸ்வேர்டு அந்தப் பட்டியலில் இருந்தது. நான் பிறந்த ஊரின் பெயரும் பிறந்த வருடமும் சேர்ந்தது அது. அன்றே மாற்றினேன். இப்போது வங்கிக்கு என்ன பாஸ்வேர்டு என்று என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல முடியாது. எனக்கே தெரியாது, பிட்வார்டன் உருவாக்கிய இருபது எழுத்துகள். இந்தத் 'தெரியாமை' எவ்வளவு பெரிய காவல் என்று எனக்கு ஐந்தாவது மாதம்தான் புரிந்தது.

அன்று மாலை வேலை முடிந்து பேருந்தில் வந்துகொண்டிருந்தேன். செல்போனில் வங்கியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி. உங்கள் விவரங்களை இன்று இரவுக்குள் சரிபார்க்காவிட்டால் இணையச் சேவை முடக்கப்படும், கீழே உள்ள லிங்க்கைத் தொடவும். இப்படிப்பட்ட செய்திகளை நம்பக் கூடாது என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குப் பல முறை சொல்லியும் இருக்கிறேன். ஆனால் இந்தச் செய்தி வேறு எங்கோ தனியாக வரவில்லை. வங்கியிடமிருந்து வழக்கமாக வரும் ஓடிபிகளும் இருப்புத் தகவல்களும் இருக்கும் அதே வரிசையில், அவற்றுக்குக் கீழேயே வந்து உட்கார்ந்திருந்தது. அனுப்புகிறவரின் பெயரைப் போலியாகப் போட முடியும் என்பதும், பெயர் ஒன்றாக இருந்தால் செல்போன் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் சேர்த்துவிடும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. அடுத்த நாள் அப்பாவின் மருத்துவமனைக் கட்டணம் கட்ட வேண்டும். சேவை முடங்கினால் என்ன செய்வது என்ற ஒரே யோசனையில் லிங்க்கைத் தொட்டுவிட்டேன்.

வங்கியின் பக்கம் திறந்தது. அதே நீலம், அதே சின்னம், அடியில் அதே எச்சரிக்கை வாசகம்: 'உங்கள் பாஸ்வேர்டை யாரிடமும் பகிராதீர்கள்.' பயனர் பெயர் கட்டத்தைத் தொட்டேன். வழக்கமாக விசைப்பலகைக்கு மேலே என் கணக்கின் பெயர் வந்து நிற்கும். அன்று வரவில்லை. பெட்டகத்தைத் திறப்பதற்கான பட்டன் மட்டும் இருந்தது.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், எனக்கு உடனே சந்தேகம் எதுவும் வரவில்லை. பிட்வார்டன் மேல் எரிச்சல்தான் வந்தது. 'அவசரத்துக்கு இது வேலை செய்யாது' என்று நினைத்துக்கொண்டு, பெட்டகத்தைத் திறந்து, வங்கிப் பதிவைத் தேடி, கையால் நகல் எடுத்து ஒட்டப் போனேன். பாஸ்வேர்டு நினைவில் இருந்திருந்தால் அந்த நிமிடமே தட்டச்சு செய்து கொடுத்திருப்பேன். எனக்குத் தெரியாது என்பதால் பதிவைத் திறக்க வேண்டியிருந்தது. வங்கிப் பதிவுகளுக்கு மட்டும், திறக்கும்போது மாஸ்டர் பாஸ்வேர்டை மறுபடி கேட்கும்படி வைத்திருந்தேன். ஐந்து சொற்கள் கொண்ட அதை ஓடும் பேருந்தில் இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை சரியாக அடித்து நிமிர்ந்தால், பதிவின் அடியில் வங்கியின் முகவரி தெரிந்தது. பிரவுசருக்குத் திரும்பி மேலே பார்த்தேன். முகவரி பாதிதான் தெரிந்தது. விரலால் இழுத்து முழுவதையும் பார்த்தேன். வங்கியின் பெயர் முதலில் இருந்தது. அதற்குப் பிறகு வேறு ஏதோ ஒன்று.

பக்கத்தை மூடினேன். வீட்டுக்கு வந்ததும் அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருந்த எண்ணுக்கு நானே அழைத்துக் கேட்டேன். அப்படி எந்தச் செய்தியும் அனுப்பவில்லை என்றார்கள்.

அந்தப் பக்கத்தில் எனக்குத் தெரியாத எது பிட்வார்டனுக்குத் தெரிந்தது? சின்னமோ நிறமோ அதற்குத் தெரியாது. அது பார்ப்பது முகவரியை மட்டும். முகவரியை நாம் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். அதனால் முதலில் வங்கியின் பெயர் வந்ததும் மனம் சமாதானமாகிவிடுகிறது. ஆனால் ஒரு தளம் யாருடையது என்பதை முடிவு செய்வது, தொடக்கத்தில் வரும் 'https://' என்பதை விட்டுவிட்டுப் பார்த்தால், முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் வரும் பகுதி. 'நம்வங்கி.காம்' என்பது வங்கியுடையது என்று வைத்துக்கொள்வோம். 'லாகின்.நம்வங்கி.காம்' என்பதும் வங்கியுடையதுதான். 'நம்வங்கி.காம்.சரிபார்ப்பு.நெட்' என்பது 'சரிபார்ப்பு.நெட்' என்ற பெயரை வாங்கி வைத்திருக்கிறவருடையது. அவர் அதற்கு முன்னால் எந்த வங்கியின் பெயரை வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம். செல்போனின் குறுகிய திரையில் வால் பகுதி மறைந்துபோனால் கேட்கவே வேண்டாம். இன்னொரு வகை இன்னும் மோசம்: ஆங்கிலச் சிறிய எழுத்தில் 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றால் 'எம்' மாதிரியே தெரியும். நாற்பது வயதைத் தாண்டிய என் கண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. ஒரு நிரலுக்கு அவை வேறு வேறு எழுத்துகள், அவ்வளவுதான்.

பிரவுசரில் முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பூட்டுச் சின்னத்தைப் பார்த்து நம்பியவள் நான். அது சொல்வதெல்லாம், உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகிற தகவலை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டும். எதிர்முனையில் இருப்பவர் நல்லவரா என்று அது சொல்வதில்லை. போலித் தளமும் அந்தப் பூட்டுக்கு வேண்டிய சான்றிதழை எளிதாக வாங்கிவிடும். மக்கள் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதனால்தான் குரோம் பிரவுசர் 2023-ல் முகவரிக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது.

ஆக, வங்கி விஷயத்தில் இந்த மென்பொருளின் பெரிய பலன் அது நிரப்புவதில் இல்லை, நிரப்பாமல் இருப்பதில்தான் இருக்கிறது. அதனால்தான் என் முக்கியமான புகாரும் அங்கிருந்தே தொடங்குகிறது.

நிரப்பாமல் இருப்பதே எச்சரிக்கை என்றால், காரணமில்லாமல் நிரப்பாமல் இருக்கவே கூடாது. பிட்வார்டன் அப்படி இருந்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு செல்போனில் வாரத்துக்கு ஒரு முறையாவது, நான் தினமும் போகிற உண்மையான தளத்திலேயே பெயர் வந்து நிற்பதில்லை. பக்கத்தை மூடித் திறந்தால் வருகிறது. கணினிப் பிரவுசரில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. பொருந்துகிற பதிவு இருந்தால் பிட்வார்டன் சின்னத்தின் மேல் ஓர் எண் தெரியும்; எண் இல்லை என்றால் நின்று யோசிக்கலாம். செல்போனில் அந்தத் தெளிவு இல்லை. பொய்யாக இரண்டு தடவை மௌனமாக இருந்தால், மூன்றாவது தடவை உண்மையாக மௌனமாக இருக்கும்போது நாம் மதிப்போமா? அன்று பேருந்தில் எனக்கு எரிச்சல் வந்ததற்குக் காரணமே முந்தைய வாரத்து அனுபவம்தான். இதை அவர்கள் சரிசெய்தே ஆக வேண்டும்.

பாதிக் குற்றம் வங்கிகள் மேலும் இருக்கிறது. என்னுடைய ஒரு வங்கி பயனர் பெயரை ஒரு பக்கத்திலும் பாஸ்வேர்டை அடுத்த பக்கத்திலும் கேட்கிறது. நடுவில் பிட்வார்டன் தடுமாறுகிறது. இன்னொரு வங்கி பாஸ்வேர்டு கட்டத்தில் ஒட்டவே விடாது, கையால்தான் அடிக்க வேண்டும். இருபது எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து அடிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? ஆட்கள் சுலபமான ஒரு பாஸ்வேர்டுக்குத்தான் திரும்பிப் போவார்கள். அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லேயே, பாஸ்வேர்டை ஒட்ட அனுமதியுங்கள், கசிந்ததற்கு அடையாளம் இல்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்லாதீர்கள் என்று எழுதிவிட்டது. பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையமும் அதே வருடம் ஒட்ட விடுங்கள் என்றே சொன்னது. என் வங்கி இன்றைக்கும் தொண்ணூறு நாளைக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறது, ஒட்டவும் விடுவதில்லை. மூன்று முறை புகார் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.

அமைப்புகளில் ஒன்றை மட்டும் எல்லாரும் மாற்றிக்கொள்ளச் சொல்வேன். முகவரியைப் பொருத்திப் பார்ப்பதில் பிட்வார்டன் தொடக்கத்தில் முக்கிய டொமைனை, அதாவது 'நம்வங்கி.காம்' போன்ற பகுதியை மட்டும்தான் பார்க்கிறது. வங்கிப் பதிவுகளுக்கு அதை 'ஹோஸ்ட்' என்று மாற்றினால், முன்னால் வரும் பகுதியும் சேர்ந்து அச்சாகப் பொருந்தினால்தான் பெயரைக் காட்டும். இதில் ஒரு சிரமம் உண்டு. வங்கி தன் லாகின் பக்கத்தை வேறு முகவரிக்கு மாற்றினால் அன்றும் மௌனம்தான். எனக்கு ஒரு முறை அப்படி ஆனது. வங்கியை அழைத்து உறுதி செய்துகொண்டு, பதிவில் முகவரியைத் திருத்தினேன். பத்து நிமிடம் போனது. அந்தப் பத்து நிமிடத்தை நான் சந்தோஷமாகவே கொடுத்தேன். பக்கம் திறந்தவுடன் தானே நிரப்புகிற வசதியும் இருக்கிறது. தொடக்கத்தில் அது அணைந்திருக்கும். அதை அப்படியே விடுங்கள். நாம் தொட்ட பிறகு நிரப்புவதே நல்லது.

'எல்லாச் சாவியையும் ஒரே கொத்தில் போட்டால், கொத்தோடு போய்விடாதா?' என்று என் தங்கை கேட்டாள். நியாயமான கேள்வி. 2022-ல் லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு பாஸ்வேர்டு மேனேஜரில் வாடிக்கையாளர்களின் பெட்டக நகல்களே திருடுபோயின. பாஸ்வேர்டுகள் பூட்டப்பட்டிருந்தன, ஆனால் யார் எந்தத் தளத்தில் கணக்கு வைத்திருக்கிறார்கள் என்ற முகவரிகள் பூட்டாமல் கிடந்தன. பிட்வார்டன் முகவரிகளையும் சேர்த்தே பூட்டுகிறது. நம் கருவியிலேயே பூட்டப்பட்ட பிறகுதான் பெட்டகம் அவர்களிடம் போகிறது; மாஸ்டர் பாஸ்வேர்டு அவர்களிடம் கிடையாது. யாராவது நகலைத் திருடினாலும் ஒவ்வொரு ஊகத்தையும் சோதிக்க ஆறு லட்சம் சுற்றுக் கணக்குப் போட வேண்டும். 2023-லிருந்து புதிய கணக்குகளுக்கு அதுதான் அளவு. ஆனால் உங்கள் மாஸ்டர் பாஸ்வேர்டு பிள்ளையின் பெயராக இருந்தால் இந்த ஆறு லட்சமும் வீண்.

நான் மாஸ்டர் பாஸ்வேர்டு வைத்த விதத்தைச் சொல்கிறேன். ஒரு தடித்த தமிழ் அகராதியைக் கண்ணை மூடி ஐந்து இடங்களில் திறந்து, விரல் பட்ட ஐந்து சொற்களை எடுத்து ஆங்கில எழுத்தில் வரிசையாக எழுதிக்கொண்டேன். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சொற்கள். பாட்டு வரி, பழமொழி, தெய்வத்தின் பெயர் எதுவும் வேண்டாம். மனதில் தோன்றுவதை எழுதினால் அது இன்னொருவர் மனதிலும் தோன்றும். மறந்துபோனால் நிறுவனத்தால் மீட்டுத் தர முடியாது. கணக்கை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். ஆகவே ஒரு காகிதத்தில் எழுதி, மாஸ்டர் பாஸ்வேர்டுக்குப் பிறகு கேட்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்கான மீட்புக் குறியீட்டையும் அதிலேயே குறித்து, உறையில் ஒட்டி பீரோவில் வைத்திருக்கிறேன். நோட்டு வேண்டாம் என்று வந்தவள் கடைசியில் காகிதத்திலேயே எழுதினாளே என்று தோன்றலாம். ஆனால் இந்த உறையைத் தினமும் எடுத்துப் பிரிக்க வேண்டியதில்லை, மருந்து டப்பாவுக்கு அடியில் போகவும் வாய்ப்பில்லை.

சந்தா கட்டியது 'அவசர அணுகல்' வசதிக்காக. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் தங்கை என் பெட்டகத்தைத் திறக்கக் கோரலாம். நான் ஏழு நாளுக்குள் மறுக்காவிட்டால் அவளுக்குத் திறந்துவிடும். நாட்களை நாமே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அப்பாவின் கணக்கு வழக்கெல்லாம் என் தலையில் மட்டும் இருந்தது. அந்தப் பாரம் குறைந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

இனி, இது காப்பாற்றாத இடங்கள். இதைச் சொல்லாமல் மதிப்புரை எழுதினால் நான் உங்களுக்குத் துரோகம் செய்தவள் ஆவேன்.

போலித் தளம் என்பது இப்போது வெறும் படம் இல்லை. நீங்கள் பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் அங்கே அடித்தால், அந்தப் பக்கத்துக்குப் பின்னால் இருப்பவர் அதே நொடியில் அதை உண்மையான வங்கித் தளத்தில் அடிக்கிறார். உங்களுக்கு வங்கியிடமிருந்து உண்மையான ஓடிபி வருகிறது. ஓடிபி வந்துவிட்டதே, அப்படியானால் தளமும் உண்மைதான் என்று நம்பி அதையும் போலிப் பக்கத்தில் அடிக்கிறீர்கள். அதுவும் அடுத்த நொடியே போய்ச் சேர்கிறது. முப்பது நொடிக்கு ஒரு முறை எண் மாறுகிற செயலியாக இருந்தாலும் இதே கதைதான். முப்பது நொடி அவர்களுக்குத் தாராளம். பிட்வார்டன் முதல் படியிலேயே நிரப்பாமல் இருப்பதைப் பார்த்து நாம் நின்றால் உண்டு. என்னைப் போல எரிச்சல்பட்டு நகல் எடுத்து ஒட்டினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இந்த ஓட்டையை உண்மையில் அடைப்பது பாஸ்கீ, பாஸ்வேர்டுக்குப் பதிலாக வரும் ஒரு மின்னணுச் சாவி. ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து 2022-ல் இதற்கு ஆதரவை விரிவாக்குவதாக அறிவித்தன. அதில் நாம் நகல் எடுத்து ஒட்டுவதற்கு எதுவுமே இல்லை. சாவி தளத்தின் டொமைனோடு பிணைந்திருக்கிறது. வேறு டொமைனில் அது வேலையே செய்யாது. பயனர் எவ்வளவு ஏமாந்தாலும் கொடுப்பதற்குக் கையில் ஒன்றும் இருக்காது. இதே தத்துவத்தில் இயங்கும் சிறிய யூஎஸ்பி சாவிகளைத் தன் 85,000-க்கும் மேற்பட்ட ஊழியர்களுக்கும் கட்டாயமாக்கிய பிறகு, அவர்கள் வேலைக் கணக்கு ஒன்றுகூடத் தூண்டில் மோசடியில் பறிபோகவில்லை என்று கூகுள் 2018-ல் சொன்னது. பிட்வார்டனில் பாஸ்கீயை வைத்துக்கொள்ளலாம். மெயிலுக்கு நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். என் வங்கியில் பாஸ்வேர்டை மறந்துவிட்டேன் என்று சொன்னால் மாற்றும் வழி மெயிலுக்குத்தான் வருகிறது. எனவே மெயிலை இழந்தவர் வங்கியையும் இழந்த மாதிரி. என் வங்கிகள் இரண்டும் இன்னும் பாஸ்கீ தரவில்லை. வந்த அன்றே மாறிவிடுவேன்.

இரண்டாவது இடம், தொலைபேசி. அப்பாவுக்கு ஒரு நாள் காலை அழைப்பு வந்தது. வங்கியின் மோசடித் தடுப்புப் பிரிவு என்று ஒருவர், மிக மரியாதையான குரல். 'உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்க யாரோ முயல்கிறார்கள், ஐயா. பயப்படாதீர்கள், நான் இணைப்பிலேயே இருக்கிறேன். தடுத்துவிடலாம்' என்றிருக்கிறார். ஒரு செயலியை நிறுவச் சொன்னார். நிறுவினால் நம் திரை முழுவதும் அவருக்குத் தெரியும், அவரே இயக்கவும் முடியும். அப்பா பாதி நிறுவிவிட்டார். அந்த நேரத்தில் நான் அறைக்குள் போனேன். 'யாருப்பா?' என்று கேட்டேன். அப்பா கையால் சைகை காட்டினார், பேசாதே என்று. 'வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள், விசாரணை நடக்கிறது' என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்கு அந்தச் சைகையை நினைத்தால் இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்த, கணக்கில் ஒரு பைசா தவறவிடாத மனிதர் அவர். முட்டாள்தனத்தால் யாரும் இதில் விழுவதில்லை. பயத்தையும் மரியாதையையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தால் யார் வேண்டுமானாலும் விழுவார்கள்.

செல்போனை வாங்கி அணைத்தேன். அந்தச் செயலியை நீக்கினோம். இன்னொரு செல்போனிலிருந்து வங்கியை அழைத்து இணையச் சேவையை நிறுத்தச் சொன்னோம். பணம் எதுவும் போகவில்லை. பிட்வார்டன் அன்று ஒன்றும் செய்திருக்காது. அப்பாவே திறந்து, அப்பாவே லாகின் செய்து, அப்பாவே ஓடிபி சொல்லியிருப்பார். பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வீட்டுக்காரரே திறந்துவிட்டால் என்ன செய்யும்? இப்போது எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம்: வங்கி என்று யார் அழைத்தாலும் 'நானே திரும்பக் கூப்பிடுகிறேன்' என்று சொல்லி வைத்துவிட வேண்டும், அட்டையின் பின்னால் இருக்கும் எண்ணுக்கு மட்டும் அழைக்க வேண்டும். உண்மையான வங்கிக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால் அவர் வங்கிக்காரர் இல்லை.

அப்புறம், வங்கிச் செயலிகளிலேயே இருக்கிற சில வசதிகள் இதோடு சேர்ந்தால்தான் காவல் முழுமையாகும். ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகையின் உச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறோம். பெரிய தொகை அனுப்ப வேண்டிய நாளில் மட்டும் ஏற்றிக்கொள்கிறோம். அட்டையின் இணையப் பயன்பாட்டைத் தேவைப்படும்போது மட்டும் திறக்கிறோம். ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் எனக்கும் அப்பாவுக்கும் செய்தி வருகிறது. கூட்டுக் கணக்கு என்பதால் இது முடிந்தது. சேமிப்பு ஒரு கணக்கில், அன்றாடச் செலவு இன்னொரு கணக்கில்.

அப்பாவுக்கும் தனியாக பிட்வார்டன் கணக்கு தொடங்கிக் கொடுத்தேன். எழுபத்து நான்கு வயதில் பழகிக்கொள்வாரா என்று தயங்கினேன். செயலியில் தமிழ் எழுத்துகள் சின்னதாக இருக்கின்றன, சில இடங்களில் மொழிபெயர்ப்பு புரியவில்லை என்று ஆங்கிலத்துக்கே மாற்றிக்கொண்டார். மாஸ்டர் பாஸ்வேர்டை அடிக்க ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் ஆனது. விரல்ரேகையால் திறக்க வைத்ததும் பிரச்சினை தீர்ந்தது. விரல்ரேகைக்குப் பழகி மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்துவிடுவார்கள் என்பதால் மாதம் ஒரு முறை அதைக் கேட்டு அடிக்க வைக்கிறேன். பெரியவர்களுக்கு அமைத்துக் கொடுக்கிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

யாருக்கு இது வேண்டாம் என்றால், இணையத்தில் வங்கி வேலையே செய்யாதவர்களுக்கு வேண்டாம். மற்ற எல்லாருக்கும் இலவசப் பதிப்பே போதும். குடும்பத்தின் கணக்குகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் அவசர அணுகலுக்காகச் சந்தா கட்டலாம். ஐந்துக்கு நான்கு தருகிறேன். பிடித்துவைத்த அந்த ஒன்று செல்போனில் வரும் பொய் மௌனத்துக்காக.

போன வாரம் அப்பா தன் அறையிலிருந்து கூப்பிட்டார். 'ஏம்மா, இங்கே வா. காப்பீட்டுப் பக்கம் திறந்திருக்கிறேன், என் பேர் வரமாட்டேங்குது.' போய்ப் பார்த்தேன். அது உண்மையான தளம்தான், பக்கம் சரியாக ஏறவில்லை. மூடித் திறந்ததும் பெயர் வந்தது. ஆனால் அதுவரை அவர் ஓர் எழுத்துகூட அடிக்காமல், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.